கணக்கில் வராத எண்பத்துமூன்று லிட்டர்

பிழை என்றால் ஆட வேண்டும். இருபத்தோரு வருடமாகக் குழாய்க் கணக்குப் போட்டே காலம் தள்ளுகிறவள் அவள்; பிழையின் குணம் அவளுக்கு அத்துப்படி. கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும், திட்டினால் ஒரு நிமிடம் சமர்த்தாக இருக்கும், பிறகு மறுபடி தன் புத்தியைக் காட்டும். ஆனால் திரையின் வலது ஓரத்தில், 'கணக்கில் வராதது' என்ற தலைப்புக்குக் கீழே இருந்த எண் ஆடவில்லை. எண்பத்துமூன்று லிட்டர். கால் மணி நேரமாக அதே எண்பத்துமூன்று. யாரோ வந்து உட்கார்ந்துவிட்ட மாதிரி.

மதியம் மூன்று மணிதான் ஆகியிருந்தது. நீரேற்று நிலையத்தின் தரைக்குக் கீழே இருந்த அந்தக் கட்டுப்பாட்டு அறைக்குள் மதியமும் வராது, ராத்திரியும் வராது. ஜன்னல் இல்லாத நான்கு சுவர்களும், விட்டுவிட்டு ரீங்கரிக்கும் குழல்விளக்கும், சூடான கம்பிகளின் வாடையோடு கலந்து வரும் ஈரச் சிமெண்ட் வாடையும், மூலையில் ஏசி சொட்டும் வாளியில் எண்ணி வைத்தாற்போல் விழும் ஒவ்வொரு துளியும்தான் அங்கே பொழுது. பம்புகளை எல்லாம் நிறுத்தியிருந்ததால் வழக்கமான அதிர்வு கூட இல்லை. அந்த அமைதி அவளுக்குப் பிடிக்கவில்லை.

வேலை என்னவோ லேசானதுதான். மேட்டின் மேல் ஏறிப் போகும் முந்நூறு மீட்டர் குழாயில் எங்கோ ஒரு இணைப்பு கசிகிறது. தண்ணீரை முழுக்க இறக்கிவிட்டு, ஆள் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீர் கீழே போனால் மேலிருந்து ஒரு லிட்டர் காற்று உள்ளே வர வேண்டும். அதற்காகக் குழாயின் உச்சியில் ஒரு காற்று வால்வு இருக்கிறது. அது அடைத்துக்கொண்டால் தண்ணீர் இறங்காது. உறிஞ்சுகுழலின் மேல் வாயை விரலால் பொத்தினால் உள்ளே இருக்கும் ஜூஸ் அப்படியே தொங்கும் இல்லையா, அதே கதைதான். குழாயை முப்பத்தொரு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் எவ்வளவு தண்ணீர், எவ்வளவு காற்று, என்ன அழுத்தம் என்று நொடிக்கு நொடி சொல்லும் மாடல் அவள் கட்டியது.

இரண்டு லட்சம் லிட்டர் தண்ணீர் வெளியே போயிருந்தது. காற்று மட்டும் எண்பத்துமூன்று லிட்டர் குறைவாக உள்ளே வந்திருந்தது. அவ்வளவு இடத்தை உள்ளே வேறு எதுவோ எடுத்துக்கொண்டிருந்தது.

"என்ன கணக்கு, முகம் செத்துப்போய் கெடக்கு?" என்றார் ஆபரேட்டர். அடுத்த வருடம் ஓய்வு பெறப்போகிறவர், அவளை எப்போதும் வேலையின் பெயரால்தான் கூப்பிடுவார்.

"எண்பத்துமூணு லிட்டர் இடிக்குது சார்."

"ரெண்டு லட்சத்துலயா? எங்க வீட்டு அண்டா அதைவிடப் பெருசு. விடும்மா."

அவர் சொன்னதில் தப்பில்லை. வேறு யாராக இருந்தாலும் விட்டிருப்பார்கள். அவளால் முடியவில்லை, அதற்குக் காரணம் இருந்தது.

மூன்று வருடத்துக்கு முன்னால் இதே குழாயை இறக்கியபோது, கணக்கு வரைந்த கோடும் அளவுமானி வரைந்த கோடும் ஒட்டவில்லை. இந்தத் தொழிலில் அதற்கு ஒரு வழி உண்டு. எல்லோரும் செய்வார்கள், யாரும் வெளியே சொல்லமாட்டார்கள். வால்வு எவ்வளவு தாராளமாகக் காற்றை விடும் என்பதற்கு மாடலில் ஒரு எண் இருக்கிறது. அதைக் கொஞ்சம் திருகினால் இரண்டு கோடும் ஒன்றின்மேல் ஒன்று படுத்துக்கொள்ளும். அன்று அவள் அதைப் பாதியாகத் திருகினாள். கோடுகள் படுத்துக்கொண்டன. குழாய் காலி, இறங்கலாம் என்று சொன்னாள்.

குழாய் காலியாக இல்லை. தண்ணீர் இறங்கும்போது வால்வு விசிலடிக்கிறது, காது குடைகிறது என்று அக்கம்பக்கத்தில் புலம்பியதால், யாரோ ஒரு புண்ணியவான் அதைச் சாக்கால் சுற்றிக் கட்டியிருந்தார். சரிவில் ஐம்பதாயிரம் லிட்டர் தண்ணீர் காற்றுக்காகக் காத்துக்கொண்டு தொங்கியது. மீசை என்று எல்லோரும் கூப்பிட்ட ஃபிட்டர் உள்ளே போனார். மேலே போன இன்னொருவர் சாக்கைப் பார்த்து, ஐயோ உள்ளே ஆள் இருக்கிறாரே, காற்று வேண்டுமே என்று பதறி அவிழ்த்துவிட்டார். மீசையை மறுநாள்தான் எடுத்தார்கள். விசாரணையில் பழி சாக்கின் மேல் போயிற்று. திருகிய எண்ணைப் பற்றி யாரும் கேட்கவில்லை, அவளும் வாய் திறக்கவில்லை.

அந்த விசாரணை அறிக்கையை அவள் எத்தனை முறை படித்திருப்பாள் என்று அவளுக்கே தெரியாது. இரண்டாம் பக்கம், நான்காம் வரி: எடை எண்பத்துமூன்று கிலோ. மனித உடம்பும் தண்ணீரும் ஏறக்குறைய ஒரே கனம். கிலோவுக்கு ஒரு லிட்டர்.

மனசாட்சி குத்துகிறது, அவ்வளவுதான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். எதைப் பார்த்தாலும் அதுவாகத்தான் தெரியும். தண்ணீரைக் குடித்தாள், அது துரு வாடை அடித்தது.

அப்போதுதான் அழுத்தக் கோட்டைக் கவனித்தாள். காலியான குழாயின் அழுத்தம் நேர்கோடாகக் கிடக்க வேண்டும். அது மெல்ல மேலே போய், மெல்லக் கீழே வந்தது. மறுபடி மேலே. மறுபடி கீழே. கடிகாரத்தைப் பார்த்து எண்ணினாள். நான்கு நொடிக்கு ஒரு முறை.

"சார், இது எதனால இப்படி ஆடுது?"

ஆபரேட்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தார். "மேட்டுல காத்து அடிக்குதும்மா. வால்வு வாயில பட்டு உள்ள தெரியுது."

காற்று இவ்வளவு ஒழுங்காக அடிக்குமா என்று கேட்க நினைத்தாள். அந்தக் கோட்டோடு சேர்ந்து தானும் மூச்சு விட்டுக்கொண்டிருப்பதை உணர்ந்து சட்டென்று நிறுத்தினாள்.

வாக்கி டாக்கி கரகரத்தது. "அக்கா, என்ன பண்ற? இங்க நாங்க வெயில்ல கருவாடா காயறோம்."

தம்பி. குழுவின் தலைவனாகி எட்டு மாதம் ஆகிறது. ஒல்லி உடம்பு, எந்தச் சந்திலும் நுழைந்துவிடுவான் என்பதால் எல்லோருக்கும் அவன் எலி. இந்த வேலையில் அவனைச் சேர்த்துவிட்டவள் அவள்தான். மீசை போன பிறகு, நீதான் சேத்துவிட்ட, நீதான் பாத்துக்கணும் என்று அம்மா சொன்னது ஒரே ஒரு முறைதான். அதற்குப் பிறகு அவன் ஒவ்வொரு முறை இறங்கும்போதும், மேலே வரும் வரை அவளுக்குப் பச்சைத் தண்ணீர் தொண்டையில் இறங்காது.

"ஒரு சின்ன வித்தியாசம்டா. பாத்துட்டு இருக்கேன்."

"எவ்ளோ?"

"எண்பத்துமூணு லிட்டர்."

அந்தப் பக்கம் சிரிப்பு வெடித்தது. "ஒரு பக்கெட் தண்ணிக்கா என்னைக் காய வெக்கிற? ஊர்ல பாதிப் பேர் குழாயைத் திறந்து வெச்சுட்டு உக்காந்திருக்காங்க. கால் மணி நேரத்துல ஜீரோ ஆகலைன்னா நாளைக்குத்தான்னு எழுதிக் குடு, நான் வீட்டுக்குப் போறேன்."

கட்டத்தில் பூஜ்யம் வராமல் யாரும் உள்ளே இறங்கக்கூடாது. மீசைக்குப் பிறகு வந்த விதி, அவளே எழுதியது. நாளைக்கு என்று எழுதலாம். காரணம் என்ற இடத்தில் என்ன எழுதுவது? செத்துப்போனவரின் கனம் குழாய்க்குள் இருக்கிறது என்றா? அதைப் படிப்பவர்கள் முதலில் சிரிப்பார்கள், பிறகு பழைய கோப்பைத் தேடுவார்கள். வால்வு புதிது, கம்பிக் கூண்டு போட்டுப் பூட்டியிருக்கிறது, காற்றை அளக்கும் மீட்டர் இருக்கிறது, தண்ணீர் நிஜமாகவே இறங்கிவிட்டது. இந்த முறை எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது.

அவள் அந்த எண்ணைத் திருகினாள். ஒரு மயிரிழைதான். எண்பத்துமூன்று பூஜ்யமாயிற்று.

"காலி" என்றாள். "இறங்கலாம்."

பன்னிரண்டாம் துண்டின் மேல்தான் ஆள் இறங்கும் வாய். அதன் மேல் முக்காலி நட்டு, வின்ச்சில் கயிறு போட்டு இறக்குவார்கள். கயிறு கடைசி வரை இடுப்பிலேயே இருக்கும், ஏனென்றால் இரும்புக் குழாய்க்குள் வாக்கி டாக்கி எடுக்காது. வாயைச் சுற்றித் தார்ப்பாய் கட்டிக் காற்றாடி வைத்திருந்தார்கள். அது எவ்வளவு காற்றை உள்ளே தள்ளுகிறது, உச்சியில் எவ்வளவு வெளியேறுகிறது என்று தெரிவதால் மாடல் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

"அறுபத்தொரு கிலோ!" வின்ச்சின் அளவுமுள்ளைப் பார்த்து அதைச் சுற்றுகிறவர் கத்தினார். "என்ன கணக்கு, தம்பிக்கு வீட்ல சோறு போடுறீங்களா இல்லையா?"

பிறகு சத்தமில்லை. வாளியில் துளி விழுந்தது. குழல்விளக்கு ரீங்கரித்தது. ஆபரேட்டர் காலை நீட்டிக்கொண்டு கண்ணை மூடினார். அவளுக்கு மட்டும் இருப்புக் கொள்ளவில்லை. பூஜ்யம் என்று காட்டிக்கொண்டிருந்த கட்டத்தைப் பார்க்கப் பார்க்க வெட்கமாக இருந்தது, வெட்கம் பயமாயிற்று. தம்பி உள்ளே இருக்கிறான். அவனுக்குமா பொய்க் கணக்கு? திருகிய எண்ணைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தாள்.

நூற்று நாற்பத்துநான்கு.

ஐந்தாம் வகுப்புக் கூட்டல்தான். எண்பத்துமூன்றும் அறுபத்தொன்றும். எந்தத் துண்டில் எவ்வளவு என்று பிரித்துக் காட்டச் சொன்னாள். மாடல் பிரித்தது.

பதினான்காம் துண்டில் அறுபத்தொன்று. அது தம்பி. கசிவைத் தேடி மேல்நோக்கித் தவழ்ந்துகொண்டிருக்கிறான்.

இருபத்தெட்டாம் துண்டில் எண்பத்துமூன்று.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது இருபத்தேழாயிற்று.

அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுத்தக் கோட்டில் இப்போது இரண்டு ஏற்ற இறக்கம் தெரிந்தது. ஒன்று வேகமானது, வேலை செய்கிறவனின் மூச்சு. இன்னொன்று நிதானமானது. நான்கு நொடிக்கு ஒன்று. அவசரமே இல்லாதது.

பதினைந்து. இருபத்தைந்து.

பதினாறு. இருபத்துமூன்று.

"அண்ணே!" வாக்கி டாக்கியில் அலறினாள். "அவனை இழுங்க! உடனே இழுங்க!"

"என்னாச்சும்மா? கயிறு நல்லாத்தானே போகுது..."

"இழுங்கண்ணே!"

பதினெட்டு. இருபது.

"இரு, இரு, சுத்துறேன். எங்கயோ சிக்குது."

பத்தொன்பது.

பத்தொன்பது.

அதற்கு மேல் அவளால் பார்க்க முடியவில்லை. மேசையில் நெற்றியை வைத்து, கண்ணை இறுக மூடி, வாக்கி டாக்கியைக் காதோடு அழுத்திக்கொண்டாள். வின்ச் பல்சக்கரத்தின் கடகட சத்தம். யாரோ மூச்சிரைப்பது. மறுபடி கடகட. அம்மாவை நினைத்தாள். எந்தச் சாமியைக் கூப்பிடுவது என்று தெரியாமல் எல்லாச் சாமியையும் கூப்பிட்டாள்.

"வந்துட்டான்! வந்துட்டாம்மா, ஒண்ணுமில்ல, முழுசா இருக்கான்."

அவள் வாய்விட்டு அழுதாள். ஆபரேட்டர் எழுந்து வந்து, என்ன செய்வதென்று தெரியாமல் அவள் தோளைத் தட்டிக்கொடுத்தார். வின்ச்சுக்காரர் பேசிக்கொண்டே இருந்தார். கை எரிகிறது என்றார், மனுஷன் ஊறிப்போய் வந்திருக்கிறான், முள் எண்பத்துமூணு காட்டுது, இந்த வின்ச்சை முதல்ல காயலான் கடையில போடணும் என்றார். அவள் காதில் எதுவும் ஏறவில்லை. தம்பி வந்துவிட்டான். அது போதும்.

பிறகு தம்பியின் குரல் வந்தது. நிதானமான குரல். "எல்லாரும் வெளிய வந்தாச்சு. மூடியைப் போட்டு முடுக்கியாச்சு. கசிவு ஒண்ணும் இல்ல. நாங்க வண்டியில கிளம்பிட்டோம், தண்ணி விடுங்க."

குழுத் தலைவன் சொன்னால் திறக்க வேண்டும், அதுதான் முறை. ஆபரேட்டர் பொத்தானை அழுத்தினார். எங்கோ கீழே மோட்டார் உறுமியது, தரை அதிர ஆரம்பித்தது.

அவள் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

பத்தொன்பதாம் துண்டில் அறுபத்தொன்று.

கோட்டில் ஒரே ஒரு மூச்சுதான் இருந்தது. வேகமான மூச்சு. நொடிக்கு ஒன்று.

முள் எண்பத்துமூணு காட்டுது. காதில் ஏறாமல் நின்றிருந்த வார்த்தை இப்போது ஏறியது.

"மூடுங்க! சார், மூடுங்க! தம்பி உள்ள இருக்கான்!"

"தம்பிதான் இப்பப் பேசினானேம்மா..."

அவளே எட்டி அழுத்தினாள். திரையில் எழுத்து வந்தது: வால்வு மூடுகிறது, மீதி இருபது நிமிடம். அது மூடிய பிறகுதான் பம்பும் நிற்கும். வேகமாக மூடினால் தண்ணீர் முட்டிக் குழாய் வெடிக்கும் என்று கணக்குப் போட்டு, இருபது நிமிடம் என்று நிர்ணயித்தவள் அவள்தான். ஆபரேட்டர் அவள் முகத்தைப் பார்த்தார். வால்வைக் கையால் சுற்றி மூடும் இரும்புச் சாவியை எடுத்துக்கொண்டு, அந்த வயதிலும் ஓடினார்.

"அண்ணே, வண்டியைத் திருப்புங்க. மூடியைத் திறங்க. தம்பி உள்ள இருக்கான்."

"என்னம்மா சொல்ற? உன் தம்பி என் பக்கத்துல உக்காந்திருக்கான்." ஜீப்பின் முனகல் கேட்டது. "வண்டிதான் என்னமோ இறக்கத்துல கூட இழுக்க மாட்டேங்குது."

"அது அவன் இல்ல. அண்ணே, உங்க கால்ல விழறேன், திருப்புங்க."

கொஞ்ச நேரம் வெறும் கரகரப்பு. பிறகு தம்பியின் குரல், வின்ச்சுக்காரரிடம், தணிவாக: "வேணாம்ணே. அக்காகிட்டயே போலாம்."

அதோடு வாக்கி டாக்கி அணைந்தது.

தண்ணீர் பன்னிரண்டைத் தாண்டியது. பதின்மூன்று. பதினான்கு. திரையில் நீல நிறம் துண்டு துண்டாக ஏறியது. அறுபத்தொன்று அசைந்தது. இருபது. இருபத்தொன்று. அவனுக்குச் சத்தம் கேட்டிருக்க வேண்டும். முழங்காலைத் தேய்த்துக்கொண்டு, இருட்டில், கயிறு இல்லாமல், மேலே மேலே. இருபத்துநான்கு. இருபத்தாறு. நீலம் அவன் பின்னாலேயே போனது.

போடா. போடா என் தங்கமே.

முப்பத்தொன்று. உச்சி. அதற்கு அப்பால் மூடிய வால்வும் திட இரும்பும்தான். மேலே உள்ளங்கை அகலத்தில் காற்று வால்வின் வாய். தண்ணீர் வந்து தொட்டதும் மிதவை தானாக ஏறி அந்த வாயை அடைத்துக்கொள்ளும். நல்ல வால்வு. புது வால்வு. ஒரு சொட்டு வெளியே விடாது.

மீதி ஒன்பது நிமிடம்.

படிக்கட்டில் பூட்ஸ் சத்தம். ஒவ்வொரு படியாக. நிறுத்தி நிதானமாக.

கதவு திறந்தது. துருவும் நாள்பட்ட ஈரமும் கலந்த வாடை அறைக்குள் வந்தது. அவள் திரும்பவில்லை. திரையின் கண்ணாடியில் தெரிந்தது போதும்: தம்பியின் முகம், தம்பியின் சட்டை, சின்ன வயதில் வாசற்படியில் விழுந்து புருவத்தில் வாங்கிய அதே தழும்பு. பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தான். நாற்காலியின் நான்கு கால்களும் மெல்ல அகன்றன.

தண்ணீர் இருபத்தொன்பதில் இருந்தது. கோடு துடித்தது. நொடிக்கு இரண்டு. நொடிக்கு மூன்று.

"இப்ப எத்தனாவது துண்டுல இருக்கான்?" என்று கேட்டான்.

அவள் விரல் தானாக எழுந்து திரையைத் தொட்டது. நீலம் முப்பதுக்கு வந்தது.

அவன் நன்றாகப் பார்ப்பதற்காக முன்னால் சாய்ந்தான்.